ரிலீவர் வராத கப்பல்

தென்குடா அவுட்போஸ்ட், கச்சால் தீவு
14 மார்ச் 2011

ஷமீர்,

நீ மூன்று தடவை போன் செய்தாய். டவர் வேலை செய்யவில்லை என்று நினைத்திருப்பாய். வேலை செய்தது. எடுத்திருந்தால் என் வாயில் என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது, கட்டினவள் இந்திராணி வேறு பக்கத்தில் இருந்தாள். எழுத உட்கார்ந்தால் நிதானம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை போர்ட் பிளேரில் ஹெட் கான்ஸ்டபிள் பரீட்சை. அதற்கு முந்தைய கடைசிக் கப்பல் வியாழக்கிழமை இங்கே வந்தது. அதில் எனக்கு ரிலீவர் வருகிறான் என்று வயர்லெஸ்ஸில் செய்தி இருந்தது. இங்கே இப்போது இரண்டே பேர், பொறுப்பில் இருக்கும் வங்காளி ஹெட் கான்ஸ்டபிள் பிஸ்வாஸ் தாதாவும் நானும். துப்பாக்கி இருக்கும் அவுட்போஸ்ட்டில் ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது என்பது விதி. எனக்குப் பதிலாக ஒருவன் இறங்கினால்தான் நான் ஏறலாம்.

டிரங்குப் பெட்டியோடு ஜெட்டியில் நின்றேன். அரிசி மூட்டைகள் இறங்கின. கோழிக்கூடைகள் இறங்கின. பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த டீச்சர் ஒருவர் இறங்கினார். காக்கிச் சட்டை எதுவும் இறங்கவில்லை. கப்பலில் சமையல் பார்க்கும் நம் பெரியதம்பி கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டு கத்தினான்.

"அண்ணே, ஒங்களுக்குப் பதிலா வர வேண்டியது ஒங்க சிநேகிதரு ஷமீராமே! போக மாட்டேன்னுட்டாராமே! தெரியாதா ஒங்களுக்கு?"

தெரியாது. ஜெட்டியில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

என்னைப் படிக்க வைத்தவனே நீதான். கன்ட்ரோல் ரூமில் சாயங்காலம் எல்லா அவுட்போஸ்ட்டுகளையும் கூப்பிட்டு முடித்த பிறகு, "தென்குடா, நூத்தி ஐம்பத்து நாலு?" என்று சட்டப் பிரிவு கேட்பாய். நான் பதில் சொல்வேன். தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு இந்தியில் சட்டம் ஏறியது அந்த வயர்லெஸ் பெட்டி வழியாகத்தான். அதே பெட்டியில், பரீட்சைக்கு முந்தின வாரம், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கமோர்ட்டா ஸ்டேஷனிலிருந்து யாரையாவது படகில் வரவழைத்திருப்பேன்.

சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையில் நாங்கள் சடலங்களைச் சுமந்தோம். என் அப்பாவோடு ரப்பர் பால் வெட்டியவர்கள், என்னோடு படித்தவர்கள். அப்போது எந்த அதிகாரியும் என்னைப் பார்த்து "இயற்கைக்கு மாறான மரணம், எந்தப் பிரிவு, விளக்குக" என்று கேட்கவில்லை. இப்போது கேட்கிறார்கள். கேட்கட்டும், பதில் தெரியும். ஆனால் எழுத ஒரு நாற்காலி கொடுத்துவிட்டுக் கேட்க வேண்டும்.

என் பெயருக்கு எதிரே 'ஆப்சென்ட்' என்று போட்டிருக்கிறார்கள். ஜனவரியில் எனக்கு நாற்பது முடிகிறது. அதற்குப் பிறகு இந்தப் பரீட்சை எனக்குக் கிடையாது. உனக்கு முப்பத்தாறு. உனக்கு இன்னொரு தடவை இருந்தது.

குழந்தைவேலு


டெலானிபூர், போர்ட் பிளேர்
2 ஏப்ரல் 2011

வேலு மச்சான்,

உன் கடிதத்தை இர்பானா படித்துவிட்டு, "கோபம் ஆறின பெறவு பதில் எழுதுங்க" என்றாள். ஆறவில்லை. எழுதுகிறேன்.

ஆமாம், போக மாட்டேன் என்று சொன்னேன். ஏன் என்று கேட்காமலே திட்டிவிட்டாய். இப்போது கேள்.

பிப்ரவரி கடைசியில் ஆபீஸில் கூப்பிட்டார்கள். டியூட்டி போடும் கிளார்க், உனக்கும் தெரிந்தவர்தான், பெயர் எதற்கு. "ஷமீர், கச்சால் ஜானா ஹை. செவ்வாய்க்கிழமைக் கப்பல்."

"சாப், ஞாயிற்றுக்கிழமை எனக்கும் பரீட்சை."

"அரே, பரீட்சை டிரெயினிங் பிரிவு விஷயம். எனக்கு எப்படித் தெரியும்?"

"டிரெயினிங் பிரிவு பக்கத்து மேஜைதானே சாப்?"

பக்கத்து மேஜைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி டீ குடித்தார். அவரிடம் பரீட்சை எழுதுகிறவர்களின் பெயர்கள் இருந்தன. இவரிடம் டியூட்டிக்குப் போகிறவர்களின் பெயர்கள் இருந்தன. நடுவில் ஒரு பிளாஸ்க். நான் இல்லாவிட்டால் வேறு யாரை அனுப்புவீர்கள், வேலுவும் எழுத வேண்டுமே என்று கேட்டேன். "ஹோ ஜாயேகா" என்றார். ஆகிவிடுமாம். அந்த ஆபீஸில் யாராவது அப்படிச் சொன்னால் அது ஆகாது என்று அர்த்தம். பதினாறு வருடமாக அது எனக்குத் தெரியும். இருந்தும் அன்றைக்கு நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்று நீ சொல்லலாம். சொல்லிக்கொள்.

நான் கப்பல் ஏறியிருந்தால் நீ எழுதியிருப்பாய். உண்மை. நான் உன் ஜெட்டியில் நின்று கையாட்டியிருப்பேன், என் பெயருக்கு எதிரே 'ஆப்சென்ட்' விழுந்திருக்கும். உனக்கு இன்னொரு தடவை இருந்தது என்கிறாய். இதற்கு முந்தைய பரீட்சை நடந்து நான்கு வருடம் ஆகிறது. அடுத்தது எப்போது, உன்னிடம் தேதி இருக்கிறதா? என் வாப்பா கடை வைத்திருந்த காலத்திலிருந்து இந்த வீட்டில் யாரும் சட்டையில் பதவிப் பட்டை போட்டதில்லை. பரீட்சை எழுதினேன். நன்றாகவே எழுதினேன். அதற்காக உன் முன்னால் தலைகுனிய மாட்டேன்.

இரண்டு பேரும் எழுத வேண்டிய பரீட்சைக்கு ஒருத்தனை இன்னொருத்தனுக்குப் பதில் ஆளாகப் போட்டவனை விட்டுவிட்டாய். என்னைப் பிடித்துக்கொண்டாய்.

இர்பானா எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பியிருக்கிறாள். அவளோடு உனக்குச் சண்டை இல்லை என்று நினைக்கிறேன்.

ஷமீர்


தென்குடா
26 ஏப்ரல் 2011

ஷமீர்,

ஊறுகாயை பிஸ்வாஸ் தாதா சாப்பிடுகிறார். இந்திராணியும் சாப்பிடுகிறாள். நான் தொடவில்லை.

உன் கடிதத்தில் ஒரு விஷயம் நியாயம். அந்த இரண்டு மேஜைக்காரர்களும் என் எதிரே இருந்திருந்தால் பிளாஸ்க்கால் அடித்திருப்பேன். ஆனால் அவர்கள் எனக்கு யார்? வயர்லெஸ்ஸில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களா? சொல்லாமல் இருந்தது நீ. பயணத்தை மறுத்ததைக்கூட ஒரு நாள் மறந்துவிடுவேன். சொல்லாததை மறக்க மாட்டேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். ஆப்சென்ட்டை நீக்கக் கேட்டு மனுப் போட்டிருந்தேன். பதில் வந்துவிட்டது. "தேர்வுக்கு வராததற்கான காரணம் ஆதாரத்துடன் நிறுவப்படவில்லை." எனக்கு என்ன ஆதாரம் வேண்டும்? கடல் ஆதாரம் இல்லையா? தீவு ஆதாரம் இல்லையா? நீந்தி வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது.

ஆனால் ஒரு வழி இருக்கிறது. தகுந்த காரணத்தால் வர முடியாதவர்களுக்கு ஆகஸ்டில் ஒரு துணைப் பரீட்சை வைக்கிறார்கள். மேல்முறையீட்டை ஜூன் முப்பதுக்குள் போட்டால், காரணம் ஒப்புக்கொள்ளப்பட்டால், அதில் உட்காரலாம். எனக்கு அதுதான் கடைசி. ரிலீவர் போடப்பட்டு, அவர் வராமல், வேறு ஆளும் அனுப்பப்படவில்லை என்று நிரூபிக்க வேண்டும். டியூட்டிக் கிளார்க் எழுதித் தர மாட்டார், தந்தால் அவர் கழுத்து போகும். ஆகவே ஆதாரம் நீ மட்டும்தான்.

ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. இன்ன தேதியில் உன்னை என் ரிலீவராகப் போட்டார்கள், நீயும் பரீட்சை எழுதுகிறவன் என்று சொன்னாய், வேறு ஆள் போவதாகச் சொன்னார்கள். நடந்தது மட்டும் போதும். பொய் எதுவும் கேட்கவில்லை.

பிஸ்வாஸ் தாதா ஆகஸ்ட் கடைசியில் ஓய்வு பெறுகிறார். "இந்தக் குர்சியில் நீ உட்காருவாய் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன்" என்று நேற்று இந்தியில் சொன்னார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

வேலு


டெலானிபூர்
19 மே 2011

மச்சான்,

தாமதத்துக்குக் கோபிக்காதே. போன வாரம் ஒரு கப்பல் இருந்தது, தவறவிட்டேன். வீட்டில் இர்பானாவின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. கன்ட்ரோல் ரூமிலும் ஆள் குறைவு.

ரிசல்ட் வந்துவிட்டது. என் பெயர் இருக்கிறது. இதை வேறு யாரும் சொல்லி நீ கேட்கக் கூடாது என்றுதான் முதலிலேயே எழுதுகிறேன்.

நீ கேட்ட கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். பாதி எழுதினேன். பிறகு நிறுத்தினேன். நான் சொல்வதை முழுதும் படி. பயணத்தை நான் வாயால்தான் மறுத்தேன், அவர் வாயால்தான் விட்டார். காகிதத்தில் என் டியூட்டி ஆர்டர் ரத்தாகவே இல்லை. இப்போது "போகச் சொன்னார்கள், நான் போகவில்லை" என்று என் கையாலேயே எழுதிக் கொடுத்தால், அதை வைத்துக்கொண்டே என் பெயரை அடித்துவிடலாம். உத்தரவை மீறியவனுக்குப் பதவி உயர்வா என்று ஒருத்தர் கேட்டால் போதும். கேட்பதற்கு ஆள் இருக்கிறது, பட்டியலில் எனக்குக் கீழே எட்டுப் பேர் காத்திருக்கிறார்கள்.

பதவி உயர்வு ஆர்டர் ஜூன் நடுவில் வரும் என்கிறார்கள். அது கையில் வந்த மறுநாள் எழுதித் தருகிறேன். ஜூன் முப்பதுக்கு அப்போதும் நாள் இருக்கும். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. கொஞ்சம் பொறு என்றுதான் கேட்கிறேன்.

ஷமீர்


தென்குடா
4 ஜூன் 2011

திரு. ஷமீர் அவர்களுக்கு,

ரிசல்ட்டுக்கு வாழ்த்துகள். முறைப்படி சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

நீங்கள் கொஞ்சம் பொறு என்கிறீர்கள். மழைக்காலக் கப்பல் எப்படி ஓடும் என்பது கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து தினமும் வானிலை எச்சரிக்கை படிக்கிற உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. உங்களுக்கு ஆர்டர் வர வேண்டும், பிறகு கப்பல் வர வேண்டும், பிறகு கடல் அமைதியாக இருக்க வேண்டும், அதற்குப் பிறகு நான் மேல்முறையீடு போட வேண்டும். உங்கள் பட்டை நனையாமல் இருக்க என் வயதை மழையில் நிறுத்துகிறீர்கள்.

நேற்று என் அம்மா கேட்டாள். "அந்த துலுக்கவீட்டுப் புள்ள அப்புடிச் செய்யாதுடா. நம்ம தோட்டத்து லயத்துல வந்து சோறு தின்ன புள்ளையாச்சே. என்னமோ நடந்துருக்கும்." என் அம்மா மருதாயி உங்களை இன்னும் நம்புகிறாள். அவளுக்குச் சட்டப் பிரிவுகள் தெரியாது.

கடிதம் தருவதாக இருந்தால் இந்தக் கப்பல் திரும்பி வரும்போது வர வேண்டும். இல்லையென்றால் இனி எழுத வேண்டாம்.

பி. குழந்தைவேலு
கான்ஸ்டபிள்


டெலானிபூர்
21 ஜூன் 2011

வேலு,

'திரு' போட்டு எழுதினாய். படித்துவிட்டு அன்றைக்கு முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். அன்றிரவு இர்பானா, "அவரைத் திட்டறத நிறுத்திட்டு எழுதித் தாங்க. இல்லன்னா இந்தப் பட்டைக்கு நான் இஸ்திரி போட மாட்டேன்" என்றாள். எங்கள் வீட்டில் அவள் சொன்னதைத்தான் செய்வாள்.

எழுதினேன். ஆர்டர் இன்னும் வரவில்லை. வராமலேதான் எழுதினேன். அதை நீ கணக்கில் வைப்பாயா இல்லையா என்பது உன் இஷ்டம்.

கப்பலை நம்ப வேண்டாம் என்று நானே ஆபீஸுக்குக் கொண்டுபோனேன். வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். மேல்முறையீடுகளை வாங்கும் பிரிவில் நீட்டினேன். அங்கே இருந்த கிளார்க் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாருடைய மேல்முறையீடு?"

"கான்ஸ்டபிள் குழந்தைவேலு, தென்குடா."

"நீ யார்?"

"சாட்சி."

"சாட்சியிடம் எப்படி வாங்குவது? மனுதாரர் தன் மனுவோடு இணைத்து அனுப்பணும். துரூ ப்ராப்பர் சேனல்."

"சாப், மனுதாரர் கச்சாலில் இருக்கிறார். நான் இங்கே இருக்கிறேன். நீங்களும் இங்கே இருக்கிறீர்கள். காகிதமும் இங்கே இருக்கிறது."

"அதனால் என்ன? இங்கேயிருந்து அங்கே போகட்டும். அவர் அவுட்போஸ்ட் பொறுப்பாளரிடம் கொடுக்கட்டும், அவர் கமோர்ட்டா ஸ்டேஷனுக்கு அனுப்பட்டும், ஸ்டேஷன் இங்கே அனுப்பட்டும். அப்போது நான் வாங்குகிறேன்."

"அதற்குள் தேதி போய்விடும்."

"அது கடல் சம்பந்தப்பட்டது. எனக்கு என்ன தெரியும்?"

மேஜையைத் தட்டிவிட்டேன், வேலு. அவருடைய பேனா ஸ்டாண்டு கீழே விழுந்தது. இரண்டு பேர் வந்து என்னை வெளியே கூட்டிப்போனார்கள். ஆர்டர் வராமல் போனால் அதற்குக் காரணம் அந்தப் பேனா ஸ்டாண்டாகவும் இருக்கலாம்.

பெரியதம்பியிடம் உறையைக் கொடுத்திருக்கிறேன். நாளைக் கப்பல். எல்லாம் சரியாக நடந்தால் இருபத்தைந்தாம் தேதி உன் கையில் இருக்கும். பிஸ்வாஸ் தாதாவிடம் அன்றைக்கே கையெழுத்து வாங்கிப் படகில் கமோர்ட்டாவுக்கு அனுப்பு. சாயங்காலம் வயர்லெஸ்ஸில் கூப்பிடுவேன். பதில் சொல்.

ஷமீர்


தென்குடா
9 ஜூலை 2011

ஷமீர்,

நீ வயர்லெஸ்ஸில் கூப்பிட்டதற்கெல்லாம் "தென்குடா, நில் ரிப்போர்ட்" என்று மட்டும் சொன்னேன். வேறு சொல்வதற்கு இல்லை. கப்பல் கார் நிகோபாரோடு நின்று, காற்று அடங்காமல் போர்ட் பிளேருக்கே திரும்பிவிட்டது என்பது உனக்கே தெரியும். நீதான் அந்த எச்சரிக்கையைப் படித்தாய்.

ஆறாம் தேதிதான் வந்தது. பெரியதம்பி உறையைச் சட்டைக்குள் வைத்து, மேலே பாலித்தீன் சுற்றிக் கொண்டுவந்தான். கொஞ்சம் கூட நனையவில்லை. அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். தேதி போய்விட்டது என்று அவனிடம் சொல்ல மனம் வரவில்லை.

படித்தேன். நல்ல கடிதம். நடந்தது மட்டும் எழுதியிருக்கிறாய். உன்மீது பழி விழும் இடத்தைக்கூட நீ சுற்றி வளைக்கவில்லை. இதை மே மாதம் எழுதியிருந்தால் மே மாதமே இங்கே வந்திருக்கும். அப்போது கடல் குளம் மாதிரிக் கிடந்தது.

பேனா ஸ்டாண்டு விழுந்ததைப் படித்து இந்திராணி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தட்ட வேண்டிய மேஜையைப் பிப்ரவரியில் தட்டியிருக்கலாம்.

இருந்தாலும் அனுப்பினேன். ஏன் தாமதம் என்று ஒரு தனித் தாளும் எழுதினேன். பிஸ்வாஸ் தாதா கையெழுத்துப் போட்டு, "கடல் மோசமாக இருந்ததற்கு நானே சாட்சி" என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார். கமோர்ட்டாவில் முத்திரை வாங்கி, உன் கடிதம் புறப்பட்ட ஊருக்கே அதைத் திருப்பி அனுப்பியாயிற்று.

வேலு


டெலானிபூர்
18 ஆகஸ்ட் 2011

வேலு,

துணைப் பரீட்சை போன ஞாயிற்றுக்கிழமை முடிந்தது. உன் மேல்முறையீடு தள்ளுபடி என்பது உனக்கு வந்திருக்கும். "காலங்கடந்து பெறப்பட்டது." நான் அந்தப் பிரிவில் தெரிந்த ஒரு பையனிடம் கேட்டேன். உன் கவரில் இருந்த தேதியை மட்டும் பார்த்தார்களாம். உள்ளே இருந்த என் கடிதத்தை யாரும் பிரிக்கவே இல்லை.

ஒரு மாதம் நான் பயந்தேனே, அது இதற்காக. படிக்க யாருமே இல்லாத ஒரு கடிதத்துக்காக. ஆர்டர் வரட்டும் என்று காத்திருந்தது, இர்பானாவின் அம்மாவைச் சாக்குச் சொன்னது, எல்லாம் அதற்காக. அவர்கள் என் பெயரை அடிக்கவில்லை. அடிக்கிற அளவுக்குக்கூட நம்மைக் கவனிக்கவில்லை. இவர்கள் நமக்குக் கெடுதல் செய்ய நினைத்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

இன்னொன்று. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நேற்று ஆர்டர் வந்தது. ஹெட் கான்ஸ்டபிள். போஸ்டிங்: தென்குடா அவுட்போஸ்ட், பொறுப்பாளர். பிஸ்வாஸ் தாதாவின் இடம்.

டியூட்டிக் கிளார்க்தான் கையில் கொடுத்தார். "உன் தோஸ்த் அங்கேதானே இருக்கான், ஜாலிதான்" என்றார். ஆர்டரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அங்கே நின்று பதில் சொல்லியிருந்தால் பேனா ஸ்டாண்டோடு நின்றிருக்காது.

உன் நாற்காலியில் வந்து உட்கார எனக்கு விருப்பமில்லை. நீ வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதினால், போஸ்டிங்கை மாற்றித் தரச் சொல்லிக் கேட்கிறேன். பாராடாங்கில் ஒரு இடம் காலி.

ஷமீர்


தென்குடா
2 செப்டம்பர் 2011

ஷமீர்,

மாற்றித் தரச் சொல்லிக் கேட்காதே. இங்கே வருவதை நீ ஒரு தடவை மறுத்தது போதும்.

பிஸ்வாஸ் தாதா புதன்கிழமை போய்விட்டார். ஓய்வு பெற்றவரை நிறுத்தி வைக்க முடியாதல்லவா, ரிலீவர் இல்லாமலே கப்பல் ஏறினார். இப்போது இந்த அவுட்போஸ்ட்டில் நான் ஒருவன்தான் இருக்கிறேன். ஒருவர் மட்டும் இருக்கக் கூடாது என்ற விதி என்ன ஆயிற்று என்று வயர்லெஸ்ஸில் கேட்டேன். கமோர்ட்டாவிலிருந்து பதில் வந்தது: "அட்ஜஸ்ட் கரோ." மார்ச் மாதம் என்னை ஜெட்டியில் நிறுத்திய விதி இது. என் பதினாறு வருடத்தைத் தின்றுவிட்டு, செப்டம்பரில் அதற்கே தேவையில்லாமல் போய்விட்டது. அன்றைக்கும் பிஸ்வாஸ் தாதா தனியாக அட்ஜஸ்ட் செய்திருக்கலாம். செய்திருந்தால் நாம் இரண்டு பேருமே எழுதியிருப்போம். இது நம் யாருக்கும் தோன்றவில்லை பார். விதியை மனப்பாடம் செய்தவர்கள் நாம்தான்.

உன்மேல் இருக்கிற கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வராதே. போகவில்லை. கடிதம் எழுதியதைக் கணக்கில் வைத்திருக்கிறேன். தாமதித்ததையும் வைத்திருக்கிறேன்.

பாராடாங்குக்கு நீ போனால் இங்கே வேறு ஒருவன் வருவான். என்னைத் தெரியாதவன். அவனுக்கு சல்யூட் வைப்பது எனக்குச் சுலபம். அந்தச் சுலபம் எனக்கு வேண்டாம், எனக்காக நீயும் அதைக் கேட்கக் கூடாது. நீ வா. தினமும் காலையில் என் முகத்தைப் பார்த்து டியூட்டி போடு.

நீ இறங்கும்போது ஜெட்டியில் நிற்பேன். சீருடை, தொப்பி, பெல்ட், எல்லாம் ஒழுங்காக இருக்கும். சல்யூட் வைப்பேன். ஊரே பார்க்கும். அம்மாவும் வருவதாகச் சொல்கிறாள், தடுத்தால் கேட்க மாட்டாள். நீ பதில் சல்யூட் வைக்க வேண்டும். கண் கலங்குவது, தோளில் கை போடுவது எல்லாம் அங்கே வேண்டாம், கான்ஸ்டபிளின் தோளில் அவுட்போஸ்ட் பொறுப்பாளர் கை போட மாட்டார்.

டியூட்டி முடிந்ததும் அந்தச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெளியே வா. உன்னிடம் என்ன சொல்வேன் என்று எனக்கு இன்னும் தெரியாது. சண்டைதான் வரும் என்று இந்திராணி சொல்கிறாள், எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. எதுவானாலும் 'சார்' என்று ஆரம்பிக்க மாட்டேன்.

வேலு